பெருந்தொற்றுக் காலமும் நம் மாணவர் கல்வியும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா என்றால் சாதனைகளை எடுத்துரைத்து மகிழ்வது வழக்கம். அம்மகிழ்ச்சிக்கு இச்சங்கம் முற்றிலும் தகுதியுடையது. ஆயினும், பெருந்தொற்றுக் காலத்தில் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் அடைந்த நிலையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்துள்ளனர். கடந்து போன துன்பத்தை விழா நாளில் ஏன் கிளற வேண்டும் என்று சிலர் எண்ணக்கூடும். 2020-ஆம் ஆண்டில் பட்டப் படிப்பில் சேர்ந்த மாணவர்கள் 2023-இல் படிப்பை முடித்து வெளியேறிவிட்டனர். இன்று கல்லூரியில் இருப்போருக்கு அது பள்ளிப் பருவத்து நினைவு. இன்னும் சில ஆண்டுகளில் அது வெறும் செய்தியாகிவிடும். அதற்கு முன், அக்காலம் நம் சமுதாயத்திற்குக் கற்பித்த பாடத்தை இம்மலரில் எழுதி வைத்தல் நம் கடமை என்று கருதுகின்றேன்.

அப்பாடம் யாதெனில், படிப்பு தடைப்படுவது வேறு, படிப்பு முறிந்து போவது வேறு என்பதாகும். தடை எல்லார்க்கும் வந்தது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அது தடையாகவே நின்று, பின் நீங்கிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளுள் பலருக்கு அது முறிவாக முடிந்தது. இவ்வேறுபாடு எங்கிருந்து வந்தது, அதனைத் தடுக்க நாம் என்ன செய்ய முடியும் என்பதே இன்றைய என் பேச்சின் பொருள்.

கல்லூரி என்பது நமக்கு என்ன?

அன்பர்களே, கல்லூரி என்றால் பாடம் நடத்தும் இடம் என்று பலரும் நினைக்கின்றனர். நம் பிள்ளைகளுக்கு அது அதனினும் மேலானது. உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு மேசை, எரிகின்ற விளக்கு, வேளைக்கு உணவு, கையை நீட்டினால் புத்தகம், சந்தேகம் கேட்க ஓர் ஆசிரியர், உடன் நடக்க ஒரு தோழன் ஆகிய இத்தனையும் ஒரே இடத்தில் கிடைப்பது கல்லூரியிலும் விடுதியிலும்தான்.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916-ஆம் ஆண்டில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, பிள்ளைகள் தங்கிப் படிக்க விடுதியும் வேண்டும் என்று கண்டு அதனையும் வளர்த்தார். அண்ணல் அம்பேத்கர் 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை முதலில் கையிலெடுத்த பணிகளுள் ஒன்று, 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் திறந்ததாகும். படிப்பைப் பற்றிப் பேசும் முன் படிக்கும் இடத்தைப் பற்றி அவர்கள் சிந்தித்தனர். நம் மாவட்டத்திலும் ஆதி திராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படித்து முன்னேறியோர் இவ்வரங்கிலேயே பலர் அமர்ந்திருக்கின்றீர்கள். அவ்விடுதிகளுக்கு அரசு 2025 ஜூலையில் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றி அறிவித்தது. பெயர் எதுவாயினும், அக்கூரையின் கீழ்தான் நம்மில் பலருக்கு முதன்முதலாகத் தனக்கென்று ஒரு படிக்கும் நேரம் கிடைத்தது.

பெருந்தொற்று பறித்துக் கொண்டது முதலில் அந்தக் கூரையைத்தான்.

அடைப்பும் திறப்பும்

நிகழ்ச்சிகளை வரிசையாக நினைவுகூர்வோம். 2020 மார்ச் 17 முதல் தமிழகத்தில் கல்வி நிறுவனங்கள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. மாத இறுதியில் திரும்பலாம் என்று எண்ணிய விடுதி மாணவர்கள் பெட்டியையும் புத்தகங்களையும் அறையிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போயினர். பல இடங்களில் கல்லூரிக் கட்டடங்களும் விடுதிகளும் நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் மையங்களாயின. அது தேவையான செயல்தான். ஆயினும், பெட்டிக்குள் இருந்த குறிப்பேடுகள் மாணவர் கைக்கு வர மாதங்கள் ஆயின.

ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பின், 2020 டிசம்பர் 2 அன்று ஆராய்ச்சி மாணவர்களுக்கும் முதுநிலை இறுதியாண்டு அறிவியல், தொழில்நுட்ப மாணவர்களுக்கும் கதவு திறந்தது. டிசம்பர் 7 அன்று இளநிலை இறுதியாண்டு மாணவர்கள் வந்தனர். மற்றவர்கள் 2021 பிப்ரவரி 8 வரை காத்திருந்தனர். வந்து சில வாரங்களே ஆன நிலையில், இரண்டாம் அலையினால் மார்ச் மாதத்தில் மீண்டும் மூடப்பட்டது. பின்னர் 2021 செப்டம்பர் 1 அன்று திறந்து, 2022 ஜனவரியில் ஒரு முறை மூடி, பிப்ரவரி முதல் நாளன்று திறந்தது. 2020-இல் முதலாண்டு சேர்ந்த மாணவர் தம் வகுப்பறையை முழுமையாகக் கண்டது இரண்டாம் ஆண்டில்தான் என்றால் மிகையாகாது.

கைக்குள் வந்த வகுப்பறை

வகுப்பறை பூட்டப்பட்டது, பாடம் கைபேசிக்குள் வந்தது. நாட்டு மக்கள் அனைவருக்கும் இது பொருந்தும் ஏற்பாடு போல் பேசப்பட்டது. உண்மை நிலை என்ன? தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் 2017-18-இல் எடுத்த கணக்கின்படி, இந்தியக் கிராமப்புறங்களில் கணினி இருந்த வீடுகள் நூற்றுக்கு 4.4, இணைய வசதி இருந்த வீடுகள் நூற்றுக்கு 14.9. நகர்ப்புறங்களில் முறையே 23.4, 42 ஆகும். பெருந்தொற்றுக்குச் சற்று முன் நாடு இருந்த நிலை இது.

நம் திண்டுக்கல் சமவெளியில் இக்கணக்கிற்கு உருவம் கொடுத்துப் பாருங்கள். தகப்பனார் தோல் பதனிடும் தொழிலாளி. அல்லது பூட்டுப் பட்டறையில் கூலி. அல்லது ஒட்டன்சத்திரம் சந்தையில் மூட்டை சுமப்பவர். வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. காலையில் அது தகப்பனாரோடு வேலைக்குப் போய்விடும். வகுப்போ காலையில்தான் நடக்கின்றது. மாலையில் கைபேசி வீடு திரும்பும்போது கல்லூரிப் பையனும் பள்ளிக்கூடத்துத் தங்கையும் அதற்குப் போட்டியிடுவர். சிறுமலை, நத்தம் அடிவாரத்து ஊர்களில் அலைவரிசை கிடைக்காமல் மரத்தடிக்கும் கண்மாய்க் கரைக்கும் மேட்டுக்கும் அலைந்த மாணவர்களை நீங்களே கண்டிருக்கின்றீர்கள்.

ஊரடங்கின் தொடக்க வாரங்களில் பட்டறைகள் மூடின. நிலக்கோட்டை வட்டாரத்தில் பறித்த மல்லிகைக்கு வாங்குவோர் இல்லை. கோயிலும் திருமணமும் நின்ற நாளில் பூவுக்கு விலை ஏது? கூலி நின்ற வீட்டில் கைபேசிக்குப் பணம் போடுவது பெருஞ்செலவு. அரிசிக்கும் இணையத்திற்கும் இடையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் எந்தத் தாயும் அரிசியைத்தான் தேர்ந்தெடுப்பாள். அதில் குற்றம் காண்பார் யாரும் இலர்.

இன்னொரு துன்பம் கண்ணுக்குப் புலப்படாதது. விடுதியில் இருக்கும் வரை அவர் மாணவர். வீட்டிற்கு வந்தவுடன் அவர் மகன், அவர் மகள். "வீட்டில் சும்மாதானே இருக்கின்றாய், வேலைக்குப் போனால் என்ன?" என்ற கேள்வி எழுந்தது. வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகள் மீண்டும் இயங்கத் தொடங்கியதும், படித்துக் கொண்டிருந்த பெண் பிள்ளைகளுள் சிலர் 'சில மாதங்களுக்கு மட்டும்' என்று சொல்லிச் சென்றனர். பையன்கள் கட்டட வேலைக்கும் கடைகளுக்கும் சென்றனர். குடும்பத்தின் பசியைத் தீர்த்த அப்பிள்ளைகளை நாம் வணங்க வேண்டும். ஆனால் 'சில மாதங்கள்' என்பது யாரும் அறியாமலே ஆண்டாகிவிடும் என்பதையும் மறத்தல் ஆகாது.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். சமையல், தண்ணீர், தம்பி தங்கையர், நோயுற்ற பாட்டி ஆகிய எல்லாவற்றையும் முடித்த பின்னரே அவர்களுக்குக் கைபேசி. அதிலும், "இந்நேரத்தில் யாரோடு பேசுகின்றாய்?" என்ற ஐயப்பார்வை வேறு. கூட்டம் சேர்க்காமல் குறைந்த செலவில் முடித்துவிடலாம் என்று ஊரடங்கு நாட்களில் நடந்து முடிந்த திருமணங்களும் உண்டு. அவற்றுள் சில, ஒரு பட்டப் படிப்பின் முடிவாகவும் அமைந்தன.

கிடைத்த உதவிகள்

இக்காலத்தில் உதவியே இல்லை என்று சொல்வது நேர்மையன்று. என்னென்ன கிடைத்தன, அவை எவ்வளவு தூரம் எட்டின என்பதை நிதானமாக ஆராய்வோம்.

பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரல் 29 அன்று வெளியிட்ட நெறிமுறைகளில், ஊரடங்கு நாட்களை மாணவர் வருகை புரிந்த நாட்களாகவே கொள்ள வேண்டும் என்று கூறியது. ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஆறு மாதக் கால நீட்டிப்பும் அளித்தது. வருகைக் குறைவால் தேர்வு எழுத முடியாமற் போகும் அச்சத்தை இது நீக்கியது.

தனியார் கல்வி நிறுவனங்களின் கட்டணம் பற்றிய வழக்கில், சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில், கட்டணத்தில் 40 விழுக்காட்டை முன்பணமாகவும், நிறுவனங்கள் திறந்த பின் 35 விழுக்காட்டையும் பெறலாம் என்று அனுமதித்தது. முழுத் தொகையையும் ஒரே தவணையில் கேட்ட இடங்களில் இவ்வாணையை அறிந்த பெற்றோர் வாதிட முடிந்தது. அறியாத பெற்றோர் வட்டிக்கு வாங்கிக் கட்டினர்.

2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 9,69,047 பேருக்கு, ஏப்ரல் வரை நாள்தோறும் 2 ஜி.பி. இணையத் தரவு இலவசமாக வழங்கப்படும் என்று அறிவித்தது. பாராட்டத்தக்க உதவி. ஆனால் கல்லூரி மூடிய பத்தாம் மாதத்தில் அது வந்தது. கைபேசி உள்ளவர்க்கே பயன்பட்டது.

நிலுவைத் தேர்வுகள், அதாவது மாணவர் மொழியில் அரியர் தேர்வுகள், பற்றிய செய்தி தனிப் பாடம். 2020 ஆகஸ்டு 26 அன்று, தேர்வுக் கட்டணம் செலுத்திய மாணவர்களுக்கு, இறுதிப் பருவத் தேர்வு நீங்கலாக, நிலுவைத் தேர்வுகள் ரத்து என்று அரசு அறிவித்தது. மாணவர்கள் மகிழ்ந்தனர். இரண்டே நாளில், ஆகஸ்டு 28 அன்று, இறுதியாண்டுத் தேர்வு நடத்தாமல் பட்டம் வழங்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிலுவைத் தேர்வு ரத்தினை ஏற்க இயலாது, தேர்வு நடத்த வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் கூறியது. முதல் செய்தியைக் கேட்டுப் புத்தகத்தை மூடி வைத்த மாணவர், பின் வந்த செய்திகள் எட்டாமையால் இடர்ப்பட்டார். பேராசிரியரிடமோ மூத்த மாணவரிடமோ தொடர்பு வைத்திருந்தவர் விண்ணப்பித்துத் தேர்வை எழுதி முடித்தார். அறிவிலோ முயற்சியிலோ இருவரும் வேறுபட்டவர் அல்லர். ஒருவருக்குச் செய்தி சொல்ல ஆள் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இதனை மாணவர்களும் பெரியோரும் நெஞ்சில் நிறுத்த வேண்டுகின்றேன். சரியான நேரத்தில் சேரும் சரியான செய்தியும் ஓர் உதவித்தொகைதான்.

அக்காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் மாணவர் வீட்டிலிருந்தே தேர்வு எழுதி, விடைத்தாளை இணையம் வழியாகவோ அஞ்சல் வழியாகவோ அனுப்பும் முறையைக் கைக்கொண்டன. அம்முறையில் தேறியவர்களைக் 'கொரோனா பாஸ்' என்று கேலி செய்வோர் உண்டு. இளைஞர்களே, அக்கேலிக்குத் தலை குனியாதீர்கள். பல்கலைக்கழகம் வழங்கிய அப்பட்டம் பிற ஆண்டுகளின் பட்டத்திற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. கண்மாய்க் கரையில் அமர்ந்து பாடம் கேட்டு, வாங்கி வந்த வெள்ளைத்தாளில் விடையெழுதி, அஞ்சலகம் வரை நடந்து சென்று அனுப்பியவரின் உழைப்பு எந்தத் தேர்வு மண்டபத்து உழைப்பிற்கும் இளைத்ததன்று. வகுப்பில் விட்டுப் போன பாடம் இருக்குமாயின், அதனைப் பின்னர் தேடிக் கற்றுக் கொள்வதே அதற்கு மருந்து.

உதவித்தொகை என்னும் உயிர்நாடி

இவை எல்லாவற்றினும் முதன்மையானது பள்ளி மேற்படிப்பு உதவித்தொகை. 1944-இல் தொடங்கிய இத்திட்டம் நம் சமுதாயத்தில் பட்டதாரிகளை உருவாக்கிய பெரும் ஊற்று. பெருந்தொற்றுக்கு முந்திய ஆண்டுகளில் ஒன்றிய அரசின் பங்கு குறைந்து, மாநிலங்களின் சுமை கூடி, தொகை தாமதமாகும் நிலை நாடெங்கும் இருந்தது. 2020 டிசம்பரில் ஒன்றிய அமைச்சரவை, செலவில் 60 விழுக்காட்டை ஒன்றிய அரசும் 40 விழுக்காட்டை மாநில அரசும் ஏற்பது என்று முடிவு செய்தது. மொத்தம் ரூ. 59,048 கோடி, அதில் ஒன்றிய அரசின் பங்கு ரூ. 35,534 கோடி. நாடு முழுவதும் தலித் இயக்கங்களும் மாணவர்களும் எழுப்பிய குரலின் பயன் இது என்பதை மறவாதீர்கள்.

புதிய முறையில் ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்கிற்கே நேரே வருகின்றது. இதில் நன்மையும் உண்டு, கண்ணியும் உண்டு. சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஓர் எழுத்து வேறுபாடு, வங்கிக் கணக்கு செயலிழந்த நிலை ஆகிய இவற்றுள் ஒன்று இருந்தாலும் பணம் நின்றுவிடும். ஊரடங்கில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் இ-சேவை மையத்திற்கும் போக முடியாமல் சான்றிதழ் தாமதமான பிள்ளைகள் இத்துன்பத்தை நன்கு அறிவர். ஆகவே, சேர்க்கைக்கு முந்திய கோடை விடுமுறையிலேயே சான்றிதழ்களைச் சரிபார்த்து வைத்தல் வேண்டும்.

கட்டணம் குறித்து மேலும் இரண்டு செய்திகள். 2012 செப்டம்பரில் பிறந்த அரசாணை எண் 92, தனியார் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு வழி செய்தது. இவ்வாணையின் எண்ணைச் சொல்லிக் கேட்டபோது தான் வழிவிட்ட நிறுவனங்கள் உண்டு. அடுத்து, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தம்மிடம் நிறுத்தி வைத்தல் ஆகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. பெருந்தொற்றின்போது பாக்கி நின்ற கட்டணத்திற்காகச் சான்றிதழை விட்டுவிட்டு, அதனால் வேறு கல்லூரியிலும் சேர முடியாமல் வீட்டோடு நின்றவர்கள் நம்மில் உண்டு. அவர்கள் இதனை அறிந்திருந்தால் எழுத்து மூலம் கேட்டிருப்பர்.

அண்ணலின் தடைப்பட்ட படிப்பு

இளைஞர்களே, படிப்பு இடையில் நின்றுவிட்டதே என்று வருந்துவோருக்காக ஒரு வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகின்றேன். அண்ணல் அம்பேத்கரின் பட்டங்களை நாம் மேடை தோறும் அடுக்கிச் சொல்கின்றோம். அப்பட்டங்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பற்றிச் சொல்வது குறைவு.

பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று 1913-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1916-இல் இலண்டன் பொருளியல் பள்ளிக்குச் சென்றார். உதவித்தொகைக் காலம் முடிந்தது. 1917-இல், ஆய்வு முடியாத நிலையில், உலகப் போரின் நடுவே அவர் நாடு திரும்ப நேர்ந்தது. அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. பரோடாவில் பணியேற்றார். அங்குச் சாதியின் பெயரால் தங்க இடமும் கிடைக்கவில்லை. பின் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மகாராசரின் உதவியும், நண்பர் ஒருவரிடம் பெற்ற கடனும் துணை நிற்க, 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். 1921-இல் முதுநிலைப் பட்டமும் 1923-இல் அறிவியல் முனைவர் பட்டமும் பெற்றார்.

மூன்றாண்டு இடைவெளியில் அவரை மீண்டும் இலண்டனுக்குக் கொண்டு சேர்த்தவை எவை? அவருடைய மன உறுதி முதலாவது. ஆனால் அது மட்டுமன்று. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்திடம் அவர் அனுமதி பெற்று வந்திருந்தார். கடன் கொடுக்க ஒரு நண்பர் இருந்தார். ஆதரிக்க ஒரு புரவலர் இருந்தார். உறுதி அவருடையது, மற்றவை பிறர் தந்தவை. நம் பிள்ளைகளிடம் உறுதிக்குப் பஞ்சமில்லை. அந்த மற்றவற்றைத் தருவதற்குத்தான் சங்கம் இருக்கின்றது.

சங்கத்தின் முன் நிற்கும் பணிகள்

சின்னாளபட்டித் தறிகளைப் பார்த்திருப்பீர்கள். இழை அறுந்தால் நெசவாளர் தறியை நிறுத்தி, அறுந்த இடத்தைக் கண்டு, முடிச்சிட்டு, மீண்டும் நெய்வார். அறுந்ததைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால் துணியில் வழு விழும். அதுபோல், எந்தப் பிள்ளையின் படிப்பு எந்த மாதத்தில் நின்றது என்பதனை உடனே அறிகின்ற ஏற்பாடு நமக்கு வேண்டும். இதற்கெனச் சில கருத்துகளை இச்சங்கத்தின் முன் வைக்கின்றேன்.

முதலாவது, மாணவர் பேரேடு. நம் குடியிருப்புகளிலிருந்து கல்லூரி செல்லும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், படிப்பு, ஆண்டு, உதவித்தொகை வந்ததா, கட்டணப் பாக்கி உண்டா, நிலுவைப் பாடம் உண்டா என்பவற்றை ஆண்டுக்கு இருமுறை கேட்டு எழுதுதல் வேண்டும். இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. ஒரு குறிப்பேடும், ஊருக்கு ஒரு பொறுப்பாளரும் போதும். 2020 மார்ச்சில் இத்தகைய பேரேடு ஒவ்வோர் ஊரிலும் இருந்திருந்தால், 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது வராதவர் யார் என்று வீடு தேடிச் சென்றிருக்கலாம்.

இரண்டாவது, படிப்பகம். ஓர் அறை, நான்கு மேசை, மின்விளக்கு, இணைய இணைப்பு, ஒன்றிரண்டு கணினி. பெண்கள் அச்சமின்றி வந்து அமரத்தக்க நேர ஒழுங்கும், அதற்குப் பொறுப்பான ஒரு மூத்த பெண்மணியும் அமைதல் வேண்டும். கல்லூரி மூடினாலும் மூடாத கூரையாக அது விளங்க வேண்டும்.

மூன்றாவது, இடைக்கால நிதி. உதவித்தொகை வரும், ஆனால் தேர்வுக் கட்டணத்தின் கடைசி நாள் அதற்கு முன்னரே வந்துவிடும். அந்தச் சில வாரங்களுக்கு வட்டியில்லாக் கடனாகச் சிறு தொகை கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறலாம். வேலையில் இருக்கும் உறுப்பினர்கள் மாதத்தில் ஒருநாள் தேநீர்ச் செலவை ஒதுக்கினாலும் இந்நிதி பெருகும்.

நான்காவது, மூத்தோர் துணை. ஒவ்வொரு புதிய மாணவருக்கும் அதே கல்லூரியிலோ அதே பாடத்திலோ முன்பு பயின்ற ஒருவரைத் துணையாக அமர்த்துதல். அண்மையிலேயே காந்திகிராமம் இருக்கின்றது. 1947-இல் டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் ஜி. இராமச்சந்திரனும் தொடங்கிய அந்நிறுவனத்தில், கிராமிய உயர்கல்வி 1956-இல் தொடங்கி, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஊருக்குள் சென்று தங்கிப் பணியாற்றுவதும் கல்வியின் பகுதி என்பது அங்குள்ள மரபு. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் நம் பட்டதாரிப் பெண்கள் பலர் தன்னார்வலராக நின்று, தெருத் திண்ணைகளில் சிறுவர்க்குப் பாடம் சொன்னதைக் கண்டோம். தெருப் பிள்ளைகளுக்குச் செய்த அப்பணியைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நாம் செய்ய முடியும்.

ஐந்தாவது, இடையில் நின்றோரைத் திரும்ப அழைத்தல். பெருந்தொற்றுக் காலத்தில் விட்டவர்க்கு இன்று வயது இருபத்து மூன்றோ நான்கோ இருக்கலாம். சிலர்க்குக் குழந்தைகளும் இருக்கலாம். தம்மினும் இளையவரோடு அமர வெட்கம் அவர்களைத் தடுக்கின்றது. கல்லூரியில் மறுசேர்க்கை பெற இயலாதவர்க்குத் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்கள் உண்டு. 1985-இல் தோன்றிய இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2002-இல் தோன்றிய தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் இத்தகையோர்க்காகவே அமைந்தவை. அரசுப் பள்ளிகளில் பயின்ற மாணவியர்க்கு மாதம் ரூ. 1000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. பெருந்தொற்றுக் காலத்தில் படிப்பை விட்டவர்க்குக் கிட்டாத இவ்வுதவிகள், அவர்களுடைய தம்பி தங்கையர் நிற்காமல் படிக்கத் துணையாக வந்தன. அவ்வாறு துணை கிடைக்காமல் நின்றுபோன அண்ணன், அக்காள்மாரை நாம் மறந்துவிடலாகாது.

நிறைவுரை

பெரியோர்களே, இளைஞர்களே,

2019-20-ஆம் ஆண்டு அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி வயதினருள் உயர்கல்வியில் சேர்ந்தோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 27.1, பட்டியல் சாதியினருள் 23.4. இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். அச்சிறு வேறுபாட்டிற்குள் எத்தனை நூறாயிரம் பிள்ளைகள் நிற்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். அக்கணக்கும் சேர்ந்தவரின் கணக்கே, முடித்தவரின் கணக்கன்று.

இனியும் தொற்று வரலாம், வெள்ளம் வரலாம், வேலையின்மை வரலாம், அல்லது ஒரே ஒரு வீட்டில் தகப்பனாரின் மறைவு வரலாம். அந்த ஒரு வீட்டிற்கு அதுவே பெருந்தொற்று. நாடு முழுவதும் பூட்டப்படும் நாளுக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வோர் ஆண்டும் நம் தெருவில் ஏதேனும் ஒரு வீட்டில் ஒரு படிப்பு தடைப்பட்டுக் கொண்டுதான் இருக்கின்றது. அத்தடை முறிவாக மாறும் முன் நம்மில் ஒருவர் அவ்வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். கடந்த 25 ஆண்டுகளில் இச்சங்கம் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது. வரும் 25 ஆண்டுகளில், அனுப்பிய பிள்ளை பட்டத்தோடு திரும்பும் வரை உடன் நிற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இவ்விழா முடிந்து நீங்கள் ஊர் திரும்பியதும் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் 2020-க்கும் 2022-க்கும் இடையில் படிப்பை நிறுத்தியவர் யார் என்று ஒரு பட்டியல் எழுதிச் சங்கத்திடம் கொடுங்கள். மாணவர் பேரேட்டின் முதல் பக்கங்கள் அவர்களுடைய பெயர்களாக அமையட்டும்.